அரசு நிதிக்கு அறிவியல் திட்டம் அனுப்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆய்வு நிறுவனம் ஒன்றில், நிதி விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்பும் மேசையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். பேராசிரியரோ, முனைவர் பட்டம் முடித்த கையோடு வருபவரோ, சொந்தமாகக் கருவி செய்து வைத்திருக்கும் பொறியாளரோ, யார் வந்தாலும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு, அழைப்புக்கு அழைப்பு (விண்ணப்பம் கேட்டு நிதி அமைப்பு வெளியிடும் அறிவிப்பு) மாறும். இங்கே சொல்வதும் அழைப்பு ஆவணமும் முரண்பட்டால் ஆவணம் சொல்வதே சரி.

விளக்க வசதிக்காக ஒரு கற்பனைத் திட்டத்தை வைத்துக்கொள்வோம்: நிலத்தடி நீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று கிணற்றடியிலேயே அளந்து சொல்லும் கையடக்கக் கருவி.

1. இது கடனா? பின்னாடி திருப்பிக் கட்டணுமா?

கடன் இல்லை, வட்டி, தவணை எதுவும் கிடையாது. ஆனால் உங்கள் பணமும் இல்லை. ஒப்புதல் பெற்ற வேலைக்கு, ஒப்புதல் பெற்ற செலவுத் தலைப்புகளில், ஒப்புதல் பெற்ற காலத்துக்குள் செலவழிக்கவேண்டிய பொதுப்பணம். மிஞ்சியது பெரும்பாலும் திரும்பிப் போகும். வங்கியில் கிடந்த நாளுக்கான வட்டியைக்கூடத் திருப்பிக் கேட்கும் அரசுகள் உண்டு.

அரசு ஒரு பொருளை உங்களிடம் செய்து வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் வேறு. அங்கே பொருளைத் தராவிட்டால் ஒப்பந்த மீறல். நிதி நல்கையில் நீங்கள் தருவது நேர்மையான முயற்சியும் அதன் கணக்கும். இந்த வித்தியாசம் 16ஆம் கேள்வியில் மறுபடி வரும்.

2. எங்கிட்ட ஒரு ஐடியா இருக்கு. எங்கே அனுப்பறது?

ஐடியா எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1970களில் தொழில்நுட்பத் தயார்நிலைக்கு ஒரு படிவரிசை உருவாக்கியது. இப்போது அது 9 படிகளாக உலகெங்கும் புழங்குகிறது: 1 என்றால் அடிப்படைக் கோட்பாடு மட்டும் தெரியும், 9 என்றால் உண்மையான சூழலில் ஓடிக்கொண்டிருக்கிறது. பல அழைப்புகள் ‘3இலிருந்து 5 வரை’ என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும்.

ஃபுளோரைடு அயனி ஒரு புதிய மூலக்கூறோடு எப்படிப் பிணைகிறது என்ற கேள்வி அடிப்படை ஆய்வு. அமெரிக்காவில் 1950இல் தொடங்கிய தேசிய அறிவியல் அறக்கட்டளை, இந்தியாவில் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை, ஐரோப்பாவில் 2007இல் தொடங்கிய ஐரோப்பிய ஆய்வு மன்றம் போன்றவை அந்தப் பக்கம். அதே மூலக்கூறு கருவியாகி, ஒரு சிறு நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுபோக நினைத்தால் கதவு வேறு. அமெரிக்காவில் 1982இல் சட்டமான சிறுதொழில் புத்தாக்க ஆய்வுத் திட்டமும், இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் தொழில்முனைவுக்கு உதவ 2012இல் வந்த அரசு அமைப்பான பைராக்கும் அப்படிப்பட்டவை. தவறான கதவைத் தட்டிய நல்ல திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அறிவியலில் குறையே இருக்காது. படி மட்டும் பொருந்தாது.

3. நான் எந்த நிறுவனத்திலயும் வேலையில இல்லை. தனி ஆளா போடலாமா?

பெரும்பாலான ஆய்வு நிதிகளில் சட்டப்படி விண்ணப்பதாரர் நிறுவனம்தான். நீங்கள் முதன்மை ஆய்வாளர். பணம் நிறுவனத்தின் கணக்குக்கு வரும், தணிக்கைக்குப் பதில் சொல்வதும் நிறுவனம்தான். அதனால் உங்களை ஏற்றுக்கொள்ளும் ஒரு நிறுவனம் வேண்டும்.

தொடக்கநிலைத் தொழில்முனைவுக்கான திட்டங்களில் தனிநபருக்கும் இடம் உண்டு. பைராக்கின் உயிரித் தொழில்நுட்பத் தொடக்க நிதி அப்படி ஒன்று; ஆனால் அங்கும் ஒரு தொழில் வளர்காப்பகத்தோடு (இன்குபேட்டர்) இணைந்திருக்கச் சொல்வார்கள். முனைவர் பட்டம் கட்டாயமா என்பது அழைப்பிலேயே தெளிவாக இருக்கும்.

4. அழைப்பு ஆவணம் அறுபது பக்கம் இருக்கு. முழுசும் படிக்கணுமா?

இரண்டு தடவை. முதல் தடவை தகுதி விதிகளுக்காக. அதில் ஒன்று இடித்தாலும் மேற்கொண்டு படிக்காமல் வேறு அழைப்பைத் தேடலாம். இரண்டாம் தடவை மதிப்பெண் விதிகளுக்காக. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பில் வழக்கமாக மூன்று அளவுகோல்கள்: சிறப்பு, தாக்கம், செயல்படுத்தும் தரம். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 3, மொத்தம் 15இல் 10 எடுத்தால்தான் தேர்ச்சி. சிறப்பில் 5 வாங்கிவிட்டுத் தாக்கத்தில் 2.5 வாங்கினால் கதை முடிந்தது. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் அளவுகோல்கள் இரண்டு: அறிவுசார் தகுதி, பரந்த பயன். தாக்கத்தையும் பயனையும் கடைசி இரவில் ஒரு பத்தியாக ஒட்டுபவர்கள் பாதி மதிப்பெண்ணைத் தாங்களே விட்டுக்கொடுக்கிறார்கள்.

பக்க வரம்பு, எழுத்தளவு, ஓர இடைவெளி எல்லாம் சடங்கு என்று நினைக்காதீர்கள். அவற்றை மீறிய விண்ணப்பம் மதிப்பாய்வுக்கே போகாமல் திரும்பும். என் மேசைக்கு எதிரே ஒருவர் அப்படித் திரும்பி வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றரை மாத உழைப்பு, இரண்டு பக்கம் அதிகமானதால் போயிற்று. அன்றிலிருந்து விண்ணப்பம் வந்தவுடன் நான் முதலில் பக்கத்தைத்தான் எண்ணுகிறேன்.

5. திட்ட அலுவலருக்கு எழுதிக் கேட்டா சிபாரிசு தேடறோம்னு நினைக்கமாட்டாங்களா?

மாட்டார்கள். நிதி அமைப்பில் அந்த அழைப்பைக் கவனிப்பவர்கள் அவர்கள்; அவர்களுடைய வேலையில் அதுவும் ஒன்று. அழைப்பின் கீழே அவர்களுடைய பெயரும் தொடர்பும் இருப்பது அதற்காகத்தான். ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பி, ‘இது இந்த அழைப்பின் வரம்புக்குள் வருமா?’ என்று கேளுங்கள். ‘எங்கள் பிரிவுக்கு வராது, பக்கத்துப் பிரிவுக்கு அனுப்புங்கள்’ என்ற ஒரு வரி பதில் மாதக்கணக்கான உழைப்பை மிச்சப்படுத்தும். ‘கிடைக்குமா?’ என்று கேட்காதீர்கள். அதற்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது. கடைசி வாரத்திலும் எழுதாதீர்கள்.

6. எழுத எத்தனை நாள் ஆகும்? ரெண்டு வாரம் போதாதா?

ஆஸ்திரேலியாவில் 2012ஆம் ஆண்டின் மருத்துவ ஆய்வு நிதி விண்ணப்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு புதிய விண்ணப்பத்துக்குச் சராசரியாக 38 வேலை நாட்கள். முன்பு நிராகரிக்கப்பட்டதைத் திருத்தி அனுப்பவே 28 நாட்கள். அந்த ஓராண்டில் எல்லோரும் செலவிட்ட நேரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 550 ஆண்டு உழைப்பு. அதில் 21 சதவீத விண்ணப்பங்களுக்குத்தான் பணம் கிடைத்தது.

எனவே இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத் தலைவர் கையெழுத்து, கூட்டாளியின் ஒப்புதல் கடிதம், விலைப்புள்ளி, நெறிமுறைக் குழு அனுமதி ஆகியவை உங்கள் வேகத்தில் வராது. அவற்றை முதல் வாரமே கேட்டுவிடுங்கள். கடைசி நாள் மாலையில் இணையதளம் திணறும். இரண்டு நாள் முன்பே பதிவேற்றிவிடுங்கள்.

7. படிக்கப்போறவர் எங்க துறைக்காரர்தானே? அடிப்படையெல்லாம் எதுக்கு விளக்கணும்?

இந்த நினைப்பால்தான் நல்ல திட்டங்கள் அதிகம் தோற்கின்றன. மதிப்பாய்வுக் குழுவில் உங்கள் விண்ணப்பத்தை முழுமையாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் சுருக்கத்தைப் பார்த்து, அந்த மூவர் பேசுவதைக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அந்த மூவரிலும் ஒருவர்தான் உங்கள் உட்பிரிவுக்காரராக இருப்பார். அவர் கையில் உங்களுடையதைப் போல இன்னும் பல விண்ணப்பங்கள் இருக்கும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் குழுக்களில், முதற்கட்ட மதிப்பெண் குறைந்த ஏறத்தாழ பாதி விண்ணப்பங்கள் கூட்டத்தில் விவாதிக்கப்படுவதே இல்லை.

அப்படியானால் நீங்கள் எழுதுவது யாருக்கு? கூட்டத்தில் உங்களுக்காக இரண்டு நிமிடம் பேசப்போகிறவருக்கு. அவர் பேசவேண்டிய வாக்கியங்களை நீங்களே முதல் பக்கத்தில் எழுதித் தரவேண்டும். எனக்கு வரும் வரைவுகள் பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: ‘நீர் மாசு உலகளாவிய பெரும் சவால். நானோ தொழில்நுட்பம் பல துறைகளில் புரட்சியை ஏற்படுத்திவருகிறது.’ இதில் யாரும் மறுக்க எதுவும் இல்லை. எடுத்துப் பேசவும் எதுவும் இல்லை. இதை இப்படி மாற்றிப் பாருங்கள்: ‘குடிநீரில் ஃபுளோரைடுக்கு உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். நீரில் அலுமினியம் இருந்தால் அது ஃபுளோரைடைப் பிணைத்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். பாதுகாப்பற்ற கிணறு பாதுகாப்பானதாகத் தெரியும். அலுமினியம் இருந்தாலும் ஏமாறாத உணரியை 24 மாதங்களில் செய்து, 100 கிணறுகளில் ஆய்வக அளவீட்டோடு ஒப்பிட்டுக் காட்டுவோம்.’ என்ன பிரச்சினை, ஏன் இதுவரை தீரவில்லை, என்ன செய்வீர்கள், முடிந்தது என்று எப்படித் தெரியும் என்ற நான்கும் இதில் வந்துவிட்டன.

ஒரு சோதனை சொல்கிறேன். முதல் பக்கத்தை மட்டும் வேறு துறை நண்பரிடம் கொடுங்கள். படித்தபின் தாளை வாங்கிவைத்துவிட்டு, ‘நாங்க என்ன செய்யப்போறோம்?’ என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் குறை எழுத்தில் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பாதி நேரம் குறை திட்டத்திலேயே இருக்கும். இன்னும் யோசித்து முடிக்காததைத்தான் தெளிவாக எழுத முடியாமல் போகிறது.

8. ஆரம்பகட்டத் தரவு எதுவும் இல்லையே. அதுக்குத்தானே பணமே கேக்கறேன்?

நியாயமான ஆதங்கம். பெரிய நிதிகளில் முதற்கட்டத் தரவு இல்லாமல் வெல்வது கடினம். வேலை வெற்றி பெறும் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; அந்த வேலையை உங்கள் கைகளால் செய்ய முடியும் என்பதற்குத்தான் கேட்கிறார்கள். ஐந்து மாதிரிகளில் எடுத்த ஒரு வரைபடம் போதும், பிழைக்கோடுகளோடு. அதுவும் இல்லையென்றால் தொடக்க நிதிகளைத் தேடுங்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ‘ஆர்21’ வகையில் முதற்கட்டத் தரவு கட்டாயமில்லை.

9. எப்படியும் வெட்டுவாங்க, அதனால பட்ஜெட்டைக் கூட்டிப் போடுன்னு சொல்றாங்களே?

கேட்காதீர்கள். பட்ஜெட்டை வாசிப்பவர் அந்தக் கருவியைத் தன் ஆய்வகத்துக்கே வாங்கியவராக இருக்கலாம்; விலை அவருக்குத் தெரியும். ஓர் இடத்தில் ஊதியது கண்ணில் பட்டால் மற்ற எண்களையும் நம்பமாட்டார். அவர்கள் வெட்டும் இடமும் நீங்கள் ஊதிய இடமாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. நான் அதிகம் பார்ப்பது அதுதான். குறைவாகக் கேட்டால் கிடைத்துவிடும் என்று நினைத்து, நூறு கிணறுகளுக்குப் போய்வரும் வண்டிச் செலவை எழுதாமல் விடுவார்கள். படிப்பவருக்கு உடனே தோன்றும்: ‘இவர்கள் கிணற்றுக்கே போகப்போவதில்லை.’ ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதைச் செய்யும் ஆளும் மாதமும் பொருளும் இருக்கவேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் எதிரே அதைக் கேட்கும் வேலை இருக்கவேண்டும். இரு பக்கமும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தால், ஜோடி இல்லாமல் நிற்கும் வரிதான் திட்டத்தின் ஓட்டை.

வழக்கமாக விட்டுப்போகிறவை: உத்தரவாதக் காலம் முடிந்தபின் கருவிப் பராமரிப்பு, அளவுத்திருத்தத்துக்கான தர மாதிரிகள், வெளி ஆய்வகப் பரிசோதனைக் கட்டணம், தரவைச் சேமிக்கும் செலவு, கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட இதழ் கேட்கும் (திறந்த அணுக்க) கட்டணம், ஆண்டுதோறும் உயரும் சம்பளம்.

10. ஓவர்ஹெட்னு நிறுவனம் ஒரு பங்கை எடுத்துக்குதே, அது நியாயமா?

மின்சாரம், கட்டடம், கணக்கர், நூலகம் எல்லாம் உங்கள் திட்டத்துக்கும் உழைக்கின்றன. அந்த மறைமுகச் செலவுக்கான பங்கு அது. ஹொரைசன் யூரோப்பில் நேரடிச் செலவின் மீது 25 சதவீதம் என்று ஒரே விகிதம். வேறு சில இடங்களில் நிறுவனமும் அரசும் பேசி முடிவு செய்கின்றன. நீங்கள் கவனிக்கவேண்டியது, அது கேட்கும் தொகைக்குள் அடங்குமா, மேலாக வருமா என்பதை. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஓர் ஆய்வு உதவியாளரின் சம்பளத்தையே இழந்தவர்கள் உண்டு.

11. பெரிய பேர் ஒருத்தரை இணை ஆய்வாளரா போட்டா வாய்ப்பு கூடுமா?

அவருக்கு வேலை இருந்தால் கூடும். 7ஆம் கேள்வியில் சொன்ன மூவரும் ‘இவர் இதில் என்ன செய்கிறார்?’ என்று கேட்பார்கள். அவருக்கு எந்தப் பணியும் மாதமும் ஒதுக்காமல் பெயர் மட்டும் நின்றால் அது பலவீனமாகத்தான் தெரியும். அலங்காரப் பேராசிரியரைவிட, அளவுத்திருத்தத்தில் கைதேர்ந்த, நேரம் ஒதுக்கி ஒப்புதல் கடிதம் தரும் இளம் வேதியியலர் மேல்.

12. ஒரே திட்டத்தை ரெண்டு இடத்துக்கு அனுப்பலாமா?

சில இடங்களில் அனுப்பலாம், சில இடங்களில் கூடாது. இரண்டிலும் மறைக்கக் கூடாது. படிவத்தில் ‘நிலுவையில் உள்ள பிற விண்ணப்பங்கள்’ என்று ஒரு பகுதி இருக்கும். அதை முழுமையாக நிரப்புங்கள். ஒரே வேலைக்கு இரண்டு அரசு நிதி வாங்குவது பொதுவாக விதிமீறல். இரண்டும் கிடைத்துவிட்டால் ஒன்றைத் திருப்பித் தரலாம். அல்லது இரு அலுவலர்களிடமும் சொல்லி, வேலையை வெட்டவெளிச்சமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

13. ஏஐ வெச்சு எழுதினா கண்டுபிடிச்சுடுவாங்களா?

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: அனுமதி உண்டா? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023இல் மதிப்பாய்வாளர்கள் இந்தக் கருவிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தன. 2025இல், பெருமளவு செயற்கை நுண்ணறிவால் உருவான விண்ணப்பத்தை ஏற்கமாட்டோம் என்றும், ஒரு முதன்மை ஆய்வாளர் ஆண்டுக்கு ஆறு விண்ணப்பங்களே அனுப்பலாம் என்றும் அறிவித்தன. சொற்பிழை திருத்தவும் வாக்கியத்தைச் சீர்செய்யவும் பயன்படுத்துவதைப் பல இடங்களில் ஏற்கிறார்கள். சில இடங்களில் குறிப்பிடச் சொல்கிறார்கள்.

என் கவலை வேறு. இக்கருவிகள் 7ஆம் கேள்வியில் காட்டிய முதல் வகைத் தொடக்கத்தை அழகாக எழுதித் தருகின்றன. இல்லாத ஆய்வுக் கட்டுரையைச் சான்றாகக் காட்டவும் செய்கின்றன. அப்படி ஒன்று அகப்பட்டால் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான்.

14. படிக்கிறவங்களே ஐடியாவை எடுத்துக்கிட்டா? காப்புரிமை என்னாகும்?

மதிப்பாய்வாளர்கள் ரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்கள். நேரடிப் போட்டியாளர் யாராவது இருந்தால் ‘இவரிடம் அனுப்பவேண்டாம்’ என்று கோரும் வசதி பல படிவங்களில் உண்டு. ஆனால் நிதி கிடைத்தபின் திட்டச் சுருக்கம் பொதுவெளிக்கு வரும். உணரியின் வேதியியலை அதில் எழுதிவிட்டால் நீங்களே வெளியிட்டதாகிவிடும். ஐரோப்பாவில், காப்புரிமை கோருமுன் நீங்களே வெளியிட்டிருந்தாலும் புதுமை போய்விடும், காப்புரிமை கிடைக்காது. அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. எனவே சுருக்கத்தில் ‘என்ன சாதிப்போம்’ என்று எழுதுங்கள். ‘எப்படி’ என்பதை உள்ளே, ரகசியம் என்று குறித்த பக்கங்களில் வையுங்கள்.

கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தம் சொல்லும். அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம் வந்ததிலிருந்து, நிதி பெற்ற பல்கலைக்கழகமோ சிறு நிறுவனமோ உரிமையை வைத்துக்கொள்ளலாம். அரசுக்குக் கட்டணமில்லாப் பயன்பாட்டு உரிமம் உண்டு.

15. ஒருத்தர் பிரமாதம்ங்கிறார், இன்னொருத்தர் தேறாதுங்கிறார். நிராகரிச்சுட்டாங்க. இது அநியாயம் இல்லையா?

வலிக்கத்தான் செய்யும். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் ஏற்கெனவே நிதி பெற்ற 25 விண்ணப்பங்களை 43 மதிப்பாய்வாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே விண்ணப்பத்துக்கு இருவர் தந்த மதிப்பெண்கள், வெவ்வேறு விண்ணப்பங்களுக்கு இருவர் தந்த மதிப்பெண்களைவிட நெருங்கியிருக்கவில்லை. நல்லவற்றுள் மிக நல்லதைப் பிரிக்கும்போது அதிர்ஷ்டமும் புகுந்துவிடுகிறது. இதை ஒப்புக்கொண்டுதான் நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013இல் ஒரு சிறு நிதிப் பிரிவில் தகுதி பெற்றவற்றுக்குள் குலுக்கல் நடத்தத் தொடங்கியது.

அதற்காக விமர்சனத்தை ஒதுக்கிவைக்காதீர்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டு, கோபம் ஆறியபின் படியுங்கள். இருவர் ஒரே குறையைச் சொன்னால் அது இருக்கிறது. ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அவரைத் தவறவிட்ட வாக்கியம் எது என்று தேடுங்கள். பிறகு திட்ட அலுவலரிடம் (5ஆம் கேள்வி) மறுபடி அனுப்பலாமா என்று கேளுங்கள். குறைந்த மதிப்பெண் பெற்றவர் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கவேண்டும் என்ற விதி சில இடங்களில் உண்டு. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, மயிரிழையில் நிதியைத் தவறவிட்ட இளம் ஆய்வாளர்களைத் தொடர்ந்து பார்த்தது. சிலர் துறையைவிட்டே போனார்கள். தங்கியவர்களின் பிற்காலக் கட்டுரைகள், மயிரிழையில் வென்றவர்களுடையதைவிட அதிகத் தாக்கம் பெற்றன.

16. பணம் வந்துருச்சு, ஆனா கருவி வேலை செய்யலை. திருப்பிக் கேப்பாங்களா?

1ஆம் கேள்வியில் சொன்ன வித்தியாசம் இங்கேதான் உதவும். நேர்மையாகச் செய்து, பதிவு வைத்து, முடிவு எதிர்மறையாக வந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. அலுமினியத்தின் குறுக்கீட்டை அந்த மூலக்கூறால் தாங்க முடியவில்லை என்று காட்டுவதும் அறிவுதான். அடுத்தவர் அந்த வழியில் இரண்டு ஆண்டு வீணடிக்கமாட்டார். மறைப்பதும் எண்களைத் திருத்துவதும்தான் குற்றம். போலித் தரவைக் காட்டி நிதி பெற்ற வழக்கில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று 2019இல் 11.25 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

சிக்கல் தெரிந்த அன்றே அலுவலருக்கு எழுதுங்கள். ஆண்டறிக்கை வரை காத்திருக்கவேண்டாம். கூடுதல் பணமில்லாமல் ஆறு மாத நீட்டிப்பு, ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அனுமதி, ஆய்வு முறையையே மாற்றும் அனுமதி எல்லாம் உண்டு. எதையும் செலவழிப்பதற்கு முன்பே கேட்கவேண்டும். கடிதத்தில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: என்ன நடந்தது, மீதிப் பணத்தில் என்ன செய்ய நினைக்கிறீர்கள், அதற்கு எத்தனை மாதம் வேண்டும். பதில் எழுத்தில் வரும்வரை பழைய தலைப்பிலேயே செலவழியுங்கள். வந்த கடிதத்தை, பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். தணிக்கையாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.